கீழே ஓடுகிற பாட்டு: பேஸையும் டிரம்ஸையும் பிடித்துக்கொண்டு கேட்க பத்து ஆல்பங்கள்

லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' பாட்டை எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். 1972இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்' ஆல்பத்தில் இருக்கிறது. யார் பாடியது, என்ன பாடினார் என்பதெல்லாம் மறந்துபோனவர்களுக்குக்கூட அதன் தொடக்கம் ஞாபகம் இருக்கும். இரண்டு சுரங்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஏறி, வழுக்கிக்கொண்டு இறங்குகிற பேஸ். அதை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் மிஞ்சுவது ஒரு மனிதர் அரைகுறையாகப் பேசுவதுதான்.

வாசித்தவர் ஹெர்பி ஃப்ளவர்ஸ். லண்டனில் தினக்கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்த ஸ்டுடியோ கலைஞர். முதலில் டபுள் பேஸில் ஒரு வரி வாசித்தார். அதன்மேல் எலெக்ட்ரிக் பேஸில் இன்னொரு வரியை உயரத்தில் பதிந்தார். இரண்டு கருவி வாசித்தால் இரட்டைக் கூலி என்பது அன்றைய ஸ்டுடியோ வழக்கம், அதுவும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1990இல் 'எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்' என்ற நியூயார்க் ஹிப்-ஹாப் குழு அதே பேஸை வெட்டியெடுத்து 'கேன் ஐ கிக் இட்' என்ற பாட்டைச் செய்தது. அந்தப் பாட்டின் பணம் முழுக்க லூ ரீடுக்கே போனது என்று குழுவின் ஃபைஃப் டாக் பின்னாளில் சொன்னார். ஃப்ளவர்ஸுக்குக் கிடைத்தது 1972இன் கால்ஷீட் காசு. அவ்வளவுதான்.

இது ஒரு தனி மனிதருக்கு நடந்த அநியாயம் என்று கடந்துபோய்விடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'பாட்டு என்றால் எது?' என்ற கேள்விக்கு நம் காதும் சட்டமும் ஒரே பதிலை வைத்திருக்கின்றன: மெட்டும் வரிகளும்தான் பாட்டு, மற்றதெல்லாம் பக்கவாத்தியம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள். ஒன்று எழுதியவருடையது, இன்னொன்று ஒலிப்பதிவுக்கு உரியது, அது பெரும்பாலும் கம்பெனியிடம் இருக்கும். ஸ்டுடியோவில் உட்கார்ந்து அந்தப் பாட்டின் முதுகெலும்பைக் கண்டுபிடித்தவர் இரண்டிலும் வரமாட்டார்.

நம்ம ஊர் சட்டம் இன்னும் வேடிக்கை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், இசைப்படைப்பு என்பது மெட்டும் ஹார்மனியும் சேர்ந்தது, அல்லது இரண்டில் ஒன்று, அதுவும் எழுத்திலோ அச்சிலோ வந்திருக்க வேண்டும் என்று வரையறுத்தது. தாளம் என்ற பேச்சே இல்லை. மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் தனியாவர்த்தனம் கொடுக்கிற நாட்டில்! 1994 திருத்தத்தில்தான் அந்த வரையறை மாறியது.

அதனால் இந்தப் பட்டியலை வேறு மாதிரி போட்டிருக்கிறேன். 'கேட்டே ஆக வேண்டிய ஆல்பங்கள்' என்ற பட்டியல்கள் இணையத்தில் ஆயிரம் கிடக்கின்றன. அவை பாடகரையோ காலத்தையோ வைத்து வரிசைப்படுத்தியவை. இந்தப் பத்தும் கீழேயிருந்து மேலே கேட்க வேண்டியவை. மொழி புரியாத, பழக்கமில்லாத இசை வகைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போவதைக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் காதை அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள், போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதை அந்தச் சின்ன ஸ்பீக்கர் தராது. உபசுரங்களை வைத்து மூளை ஊகித்துக்கொள்ளும். சாதாரண ஹெட்ஃபோன் இருந்தால்கூடப் போதும்.

1. மைல்ஸ் டேவிஸ், 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959)

ஜாஸ் என்றால் முதலில் எல்லோரும் நீட்டுவது இந்த ஆல்பத்தைத்தான். அதனாலேயே ஒதுக்கியவர்கள் உண்டு. முதல் பாட்டான 'ஸோ வாட்'டை மட்டும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். சின்ன முன்னுரைக்குப் பிறகு மெட்டை எடுப்பது டிரம்பெட் அல்ல, பால் சேம்பர்ஸின் டபுள் பேஸ். பேஸ் ஒரு கேள்வி கேட்கிறது. பியானோ இரண்டே தட்டில் பதில் சொல்கிறது. அப்புறம் ஊதுகருவிகள் மூன்றும் சேர்ந்து அதே பதிலைச் சொல்கின்றன. நடுவில் எல்லாமே அரைச்சுரம் மேலே ஏறி, திரும்ப இறங்குகிறது. பாட்டின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

பதிவின்போது சேம்பர்ஸுக்கு வயது 23. பத்தாண்டுக்குள் இறந்துபோனார். இந்தப் பட்டியலுக்கு இதை முதலில் வைக்கக் காரணம், பேஸ் தலைமை தாங்கினால் எப்படி இருக்கும் என்று காது பழகிக்கொள்ள இதைவிட எளிய பாடம் இல்லை.

2. மார்வின் கே, 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971)

டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் கம்பெனியின் ஸ்டுடியோவுக்கு அங்கே வாசித்தவர்கள் வைத்த பெயர் 'பாம்புக் குழி'. அறுபதுகளில் உலகம் ஆடிய மோட்டவுன் பாட்டுகளில் பெரும்பகுதி அந்தச் சின்ன அறையில் பதிவானவை. வாசித்த குழுவுக்கு ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர். அந்தப் பெயர் இசைத்தட்டு அட்டைகளில் வருவதில்லை. பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையில் ஒரே ஒரு விரலால் வாசித்தார், கம்பிகளை மாற்றவே மாட்டார். ஃபோர் டாப்ஸ் பாடிய 'பெர்னடெட்' (1967) பாட்டைக் கேளுங்கள். பாடகர் கதறிக்கொண்டிருக்கும்போது கீழே பேஸ் அவரைத் துரத்திக்கொண்டு ஓடும்.

'வாட்ஸ் கோயிங் ஆன்' வியட்நாம் போர், வேலையின்மை, நகரத்துக் கறுப்பினத்தவர் வாழ்க்கை என்று தொடர்ந்து பேசுகிற ஆல்பம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதே தெரியாது. கம்பெனித் தலைவர் பெர்ரி கோர்டிக்குத் தலைப்புப் பாட்டு முதலில் பிடிக்கவில்லை. அந்தப் பாட்டில் ஜேமர்சனின் பேஸ், குரலுக்குப் பின்னால் நிற்காமல் பக்கத்தில் நடந்து வருகிறது. இரவில் ஒரு பாரிலிருந்து அவரைக் கூட்டிவந்ததாகவும், உட்கார முடியாத போதையில் தரையில் படுத்துக்கொண்டே வாசித்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை இருக்கட்டும், வாசிப்பில் தள்ளாட்டம் துளிகூட இல்லை. கடைசிப் பாட்டுகள் சிலவற்றில் வாசித்தவர் பாப் பாபிட். 'மெர்சி மெர்சி மீ'யை ஒட்டிக் கேட்டால் இருவருக்குமான வித்தியாசம் பிடிபடும். ஜேமர்சன் பேசுகிறவர், பாபிட் நடக்கிறவர்.

வாசித்தவர்கள் பெயரை அச்சிட்ட முதல் மோட்டவுன் ஆல்பம் என்று இதைச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோய்விட்டது. 1983இல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டுக் கொண்டாட்டம் தொலைக்காட்சிக்காக நடந்தபோது, ஜேமர்சன் வெளியே பிளாக்கில் டிக்கெட் வாங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார் என்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்தார். வயது 47.

3. ஜேம்ஸ் பிரவுன், 'இன் தி ஜங்கிள் க்ரூவ்' (1986)

1969 முதல் 1971 வரையிலான பதிவுகளைத் தொகுத்து 1986இல் வந்தது. ஃபங்க் என்ற இசைக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடையாது. மெட்டு என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். கிட்டார், ஊதுகருவிகள், பிரவுனின் குரல் எல்லாமே தாளக்கருவிகள்தான். எல்லோரும் ஆளுக்கொரு சின்ன ஆணியை ஒரே பலகையில் அறைகிறார்கள்.

இதில் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் ஐந்து நிமிடம் தாண்டிய பிறகு மற்ற எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் தனியாக வாசிக்கிறார். சுமார் 20 வினாடி. வேகத்தையோ வித்தையையோ காட்டுவதில்லை. ஸ்னேரில் முக்கிய அடிகளுக்கு நடுவே கேட்டும் கேட்காத மெல்லிய தட்டல்கள் விழுகின்றன. பாட்டு நகர்வதே அந்தத் தட்டல்களால்தான். ஹிப்-ஹாப்பில் மிக அதிகமாக வெட்டியெடுக்கப்பட்ட டிரம் துண்டுகளில் ஒன்று இது. பப்ளிக் எனிமியின் 'ஃபைட் தி பவர்' (1989) முதல் எண்ணற்ற பாட்டுகளில் இருக்கிறது. பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் இருப்பது ஜேம்ஸ் பிரவுனின் பெயர். ஸ்டபிள்ஃபீல்டுக்கு ராயல்டி வரவில்லை. 2017இல் அவர் இறந்தபோது, உலகில் கோடிக்கணக்கானோர் கேட்ட டிரம்மர், பெரும்பாலோர் பெயர் தெரியாத டிரம்மர்.

4. ஃபேலா குட்டி, 'ஜாம்பி' (1976)

நைஜீரிய ராணுவத்தைக் கிண்டலடித்த ஆல்பம். யோசிக்காமல் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவன் பிணம் என்பதுதான் தலைப்புப் பாட்டின் சாரம். 1977 பிப்ரவரியில் ராணுவத்தினர் லாகோஸில் ஃபேலாவின் வீட்டுக்குள் புகுந்து அடித்து நொறுக்கித் தீவைத்தார்கள். ஜன்னலிலிருந்து தூக்கி எறியப்பட்ட அவருடைய தாயார் அடுத்த ஆண்டு இறந்தார். பாட்டுக்கு இவ்வளவு விலை கொடுத்தவர்கள் அதிகம் இல்லை.

தலைப்புப் பாட்டு 12 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் போல குரலே வராது. சினிமாப் பாட்டுக்குப் பழகிய காதுக்கு 'எப்பப்பா பாடுவாரு' என்று இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை டோனி ஆலனின் டிரம்ஸுக்குக் கொடுங்கள். குழுவில் மற்ற எல்லோருக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்று ஃபேலா சொல்லிக்கொடுப்பார். ஆலனுக்கு மட்டும் சொல்வதில்லை. இரண்டு கை இரண்டு கால் நான்கும் நான்கு பேர் மாதிரி தனித்தனியாகப் பேசும். ராணுவ அணிவகுப்பைக் கேலி செய்கிற பாட்டில் எந்தச் சிப்பாயும் கால்மாற்றிப் போட முடியாத ஒரு தாளத்தை வைத்ததுதான் உச்சக்கட்ட நக்கல் என்று எனக்குப் படுகிறது. ஆலன் இல்லாமல் ஆஃப்ரோபீட் இல்லை என்று ஃபேலாவே ஒப்புக்கொண்டவர். பத்தாண்டுக்கு மேல் கூட வாசித்த ஆலன் எழுபதுகளின் கடைசியில் விலகினார். காரணங்களில் ஒன்று, வழக்கம்போலப் பணம்.

5. அகஸ்டஸ் பாப்லோ, 'கிங் டபிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' (1976)

மெட்டையும் வரிகளையும் எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா என்ற கேள்விக்கு ஜமைக்காக்காரர்கள் செய்முறையிலேயே பதில் சொன்னார்கள். கிங் டபி ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கிறவர். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்து, ஏற்கெனவே பதிவான பாட்டிலிருந்து குரலைக் குறைத்து, பேஸையும் டிரம்ஸையும் மட்டும் விட்டு, நடுநடுவே எதிரொலியில் ஒரு சொல்லையோ ஒரு கிட்டார் வெட்டையோ தூவினார். அதுதான் டப். கலவைப் பலகையே அங்கே வாத்தியம்.

இதற்கு ஒரு பயிற்சி. ஜேகப் மில்லரின் 'பேபி ஐ லவ் யூ ஸோ' பாட்டை முதலில் கேளுங்கள். இனிமையான சாதாரணக் காதல் பாட்டு. உடனே இந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைப் போடுங்கள். அதே பதிவுதான். காதலன் போய்விட்டான், வீடு மட்டும் நிற்கிறது. எது பெரிய பாட்டு என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜமைக்காவில் பேஸும் டிரம்ஸும் சேர்ந்த அடித்தளத்துக்கு 'ரிடிம்' என்று பெயர். ஒவ்வொரு ரிடிமுக்கும் தனிப்பெயர் உண்டு, அதன்மேல் யார் வேண்டுமானாலும் புதுப்பாட்டு பாடலாம். நம் மெட்டுக்குப் பாட்டு எழுதும் வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி. அதில் ஒரு பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள்: வெய்ன் ஸ்மித்தின் 'அண்டர் மி ஸ்லெங் டெங்' (1985). அந்த ரிடிம் வந்தது காசியோ எம்.டி.-40 என்ற சின்ன கீபோர்டில் ஏற்கெனவே இருந்த ஒரு தாளத்திலிருந்து. அதை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா, ரெக்கே பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்று காசியோவில் சேர்ந்த ஜப்பானியப் பெண். அதன்மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்தன. காசியோ காசு கேட்டு வழக்குப் போடவில்லை.

6. ஜோனி மிட்சல், 'ஹெஜிரா' (1976)

வரிகளே ராஜ்ஜியம் நடத்துகிற ஆல்பம் ஒன்றும் இருக்கட்டும் என்று இதைச் சேர்த்தேன். அமெரிக்கா முழுக்கக் காரில் போன பயணங்களிலிருந்து பிறந்த பாட்டுகள். பல்லவி, சரணம் என்று கட்டம் கட்டாமல் நீண்டு போகும். ஒன்பது பாட்டில் நான்கில் ஜாகோ பாஸ்டோரியஸின் பேஸ். கட்டைகள் இல்லாத பேஸ் கிட்டார் என்பதால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வீணைபோல இழைய முடிகிறது. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிக்கும்.

தலைப்புப் பாட்டில் அவர் அடித்தளம் போடுவதே இல்லை. பாடுகிறவள் ஒரு வரி சொல்லிவிட்டு மூச்சுவிடும்போது, அவள் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறார். இந்த ஆல்பத்தை ஆங்கிலம் சரியாகப் புரியாமல் கேட்டாலும் தனிமையின் உணர்வு வந்துவிடுகிறதே, அதற்கு அந்த பேஸ்தான் காரணம். எல்லாப் பாட்டும் ஒரே நிறத்தில் இருக்கிறது என்று ஒரு குறை சொல்லலாம். அந்த நிறம் பிடித்தவர்களுக்கு அது குறையே இல்லை.

7. ஷீக், 'ரிஸ்கே' (1979)

டிஸ்கோ என்றால் இளக்காரமாகப் பார்ப்பது இன்றும் இருக்கிறது. 'குட் டைம்ஸ்' பாட்டின் பேஸைக் கேட்ட பிறகும் அந்த இளக்காரம் மிஞ்சினால் சொல்லுங்கள். பெர்னார்ட் எட்வர்ட்ஸ் முதல் மூன்று தட்டுகளைச் சும்மா ஒரே சுரத்தில் வைத்துவிட்டு, அப்புறம் படியேறுகிறார். பாட்டின் நடுவில் மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகி பேஸ் கிட்டத்தட்டத் தனியாக நிற்கும் இடம் வரும். அங்கேதான் வரலாறு நடந்தது. அதே ஆண்டு வந்த 'ராப்பர்ஸ் டிலைட்', ஹிப்-ஹாப்பின் முதல் பெரிய வெற்றி, முழுக்க இந்த பேஸின் மேலே உட்கார்ந்திருக்கிறது.

இங்கே கதை வேறு மாதிரி முடிந்தது. எட்வர்ட்ஸ் வெறும் பேஸ் வாசிப்பாளர் இல்லை, நைல் ராட்ஜர்ஸோடு சேர்ந்து பாட்டை எழுதியவர். அதனால் வழக்கு மிரட்டல் வந்ததும் 'ராப்பர்ஸ் டிலைட்'டின் பாடலாசிரியர்களாக இருவர் பெயரும் சேர்ந்தது, பணமும் வந்தது. அந்தப் பதிவுக்காக அதே பேஸைத் தவறில்லாமல் கால்மணி நேரம் திரும்பத் திரும்ப வாசித்தது தான்தான், சம்பளம் 70 டாலர் என்று சிப் ஷீரின் என்பவர் பின்னாளில் சொன்னார். அப்போது அவருக்கு 17 வயதாம். ஒரே பேஸ், இரண்டு விரல்கள். ஒருவர் எழுதியவர், இன்னொருவர் வாசித்தவர். வித்தியாசம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

ஆல்பத்தின் மெதுவான பாட்டுகள் கொஞ்சம் இழுக்கும். தாண்டிப் போகலாம், தப்பில்லை.

8. சரண்ஜித் சிங், 'சிந்தஸைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' (1982)

இந்திப்பட இசைக்குழுக்களில் பேஸ் கிட்டாரும் கீபோர்டும் வாசித்துவந்த பம்பாய்க் கலைஞர். ரோலண்ட் கம்பெனியின் புதுக் கருவிகள் வாங்கினார். அதில் டி.பி.-303 என்பது பேஸ் வாசிப்பாளர் இல்லாத இடத்தில் பேஸ் வாசிக்க என்றே செய்த பெட்டி. யாரும் சீந்தாததால் சீக்கிரமே கம்பெனி அதை நிறுத்திவிட்டது. சரண்ஜித் அதை வைத்துப் பத்து ராகங்களை மின்னணுத் தாளத்தின்மேல் வாசித்தார். அன்று விற்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து சிகாகோவில் அதே பெட்டியைப் பழைய விலைக்கு வாங்கிய இளைஞர்கள் அதன் பட்டன்களைத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையை உண்டாக்கினார்கள். ஃபியூச்சரின் 'ஆசிட் ட்ராக்ஸ்' 1987இல் வந்தது. 2010இல் சரண்ஜித்தின் ஆல்பம் மறுபதிப்பானபோது, ஐந்து ஆண்டு முன்னாலேயே பம்பாயில் இது நடந்துவிட்டதா என்று உலகம் வாயைப் பிளந்தது. இருவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. 'இந்தியர்தான் கண்டுபிடித்தார்' என்று கொடி பிடிக்கத் தேவையில்லை. ஒரே கருவி இரண்டு ஊரில் ஒரே வாசலைத் திறந்தது, அவ்வளவுதான். 'ராக பைரவ்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஒரே மூச்சில் பத்தையும் கேட்டால் தாளம் சலிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு போதும். அவர் 2015இல் இறந்தார். பெயர் தெரிந்த பிறகு ஐந்து ஆண்டு வாழ்ந்தார் என்பது ஒரு ஆறுதல்.

9. எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட், 'தி லோ எண்ட் தியரி' (1991)

தலைப்பே 'கீழ்ப்பகுதிக் கோட்பாடு'. முதல் பாட்டு 'எக்ஸ்கர்ஷன்ஸ்' ஒரு டபுள் பேஸோடு தொடங்குகிறது, பழைய ஜாஸ் தட்டிலிருந்து எடுத்தது. கொஞ்ச நேரம் பேஸும் குரலும் மட்டும்தான். பேச்சு அந்தப் பேஸின் நடையைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஹிப்-ஹாப் என்றாலே இரைச்சல் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

'வெர்ஸஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்' பாட்டில் வெட்டியெடுத்த துண்டோடு நிற்காமல் ரான் கார்டரையே ஸ்டுடியோவுக்கு அழைத்தார்கள். அறுபதுகளில் மைல்ஸ் டேவிஸோடு வாசித்த பெரியவர். பாட்டுக்குள்ளேயே அவர் பெயரைச் சொல்லி நன்றியும் சொல்கிறார்கள். மேலே சொன்ன லூ ரீட் விவகாரத்துக்கு அடுத்த ஆல்பத்தில் இதைச் செய்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அர்த்தம் கூடுகிறது.

10. மாஸிவ் அட்டாக், 'ப்ளூ லைன்ஸ்' (1991)

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் குழு. ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஒலிபெருக்கிக் கலாச்சாரமும் அமெரிக்க ஹிப்-ஹாப்பும் சோலும் கலந்து, வேகத்தைப் பாதியாக்கிச் செய்த ஆல்பம். முதல் பாட்டு 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' முழுக்க ஒரே பேஸ் வரியின்மேல் நிற்கிறது. அது பில்லி காபமின் 'ஸ்ட்ரேடஸ்' (1973) பாட்டிலிருந்து எடுத்தது. காபம் டிரம்மர், அந்தப் பாட்டை எழுதியவர், அதனால் அவர் பெயர் பாடலாசிரியர் பட்டியலில் வருகிறது. அந்தப் பேஸை வாசித்தவர் லீலண்ட் ஸ்க்லார். அவர் பெயர் வராது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூலத்தில் பேஸ் ஓடுகிறது. இங்கே ஷாரா நெல்சனின் குரலுக்குக் கீழே அதே பேஸ் வாசலில் காவல் நிற்கிறது. திருட்டா படைப்பா என்று கேட்டால், நல்ல படைப்பு என்றுதான் சொல்வேன். ஆனால் கடன் வாங்கிய படைப்பு.

சரி, இப்போது சிக்கலான கேள்வி. அப்படியென்றால் ஒவ்வொரு பேஸ் வரிக்கும் டிரம் தட்டலுக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிடலாமா?

அதன் விளைவையும் பார்த்துவிட்டோம். 2013இல் வந்த 'ப்ளர்ட் லைன்ஸ்' பாட்டு மார்வின் கேயின் 'காட் டு கிவ் இட் அப்' (1977) பாட்டைப் பிரதியெடுத்தது என்று அவர் குடும்பம் வழக்காடியது. 2015இல் ஜூரி சுமார் 7.4 மில்லியன் டாலர் கொடுக்கச் சொன்னது. பிறகு தொகை குறைந்தது, தீர்ப்பு 2018 மேல்முறையீட்டிலும் நின்றது. மெட்டைவிட நடையும் சூழலும்தான் ஒத்திருந்தன என்பது இசைக்காரர்கள் பலருடைய கருத்து. நடைக்கும் உரிமை உண்டு என்று ஆகிவிட்டால் ரிடிம்களுக்கு வேலையே இல்லை. 'ஸ்லெங் டெங்' மேலே நூற்றுக்கணக்கான பாட்டுகள் வந்திருக்காது. இந்தப் பட்டியலின் கடைசி இரண்டு ஆல்பங்களும் இருந்திருக்காது. அதைவிட முக்கியம், அந்தப் பணம் போனது எழுதியவரின் வாரிசுகளுக்கு. வாசித்தவர்கள் அங்கேயும் இல்லை.

அதனால் என் கட்சி இது. தாளத்துக்கு வேலி வேண்டாம். அது எல்லோரும் நடக்கிற பாதையாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு குறிப்பிட்ட பதிவிலிருந்து ஒரு குறிப்பிட்ட கை வாசித்த 20 வினாடியை வெட்டியெடுத்துக் காசு பண்ணினால், அந்தக் கைக்கு ஒரு பங்கு போகட்டும். கம்பெனிக்குப் போகிற பதிவு உரிமையிலிருந்தே அதைக் கொடுக்கலாம், புது உரிமை எதையும் உண்டாக்க வேண்டாம். காசுக்கு முன்னால் பெயர் வேண்டும். பெயர் தெரியாதவருக்கு எப்படிப் பங்கு கேட்பது?

இந்த இடத்தில் நாம் முன்னேறவில்லை, பின்னால் போயிருக்கிறோம். ஏ.ஆர். ரஹ்மானின் கேசட், சி.டி. அட்டைகளில் புல்லாங்குழல் யார், பேஸ் யார், கிட்டார் யார் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நிறையப் பேருக்கு வாத்தியக்காரர்களின் பெயர்கள் அப்படித்தான் பழக்கமாயின. இன்று ஆப்பில் பாட்டைத் திறந்தால் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர். வாசித்தவர்கள் பெரும்பாலும் இல்லை. அட்டையில் இடம் இல்லை என்ற சாக்காவது அன்று இருந்தது. திரையில் இடத்துக்கு என்ன பஞ்சம்?

பத்தையும் கேட்க நேரம் இல்லாதவர்கள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸோ வாட்' ஒன்பது நிமிடம், காதைத் திறக்க. ஜேகப் மில்லர் பாட்டும் அதன் டப்பும் அடுத்தடுத்து, குரல் இல்லாமலும் பாட்டு உண்டு என்று நம்ப. பிறகு ஒரு இரவு 'வாட்ஸ் கோயிங் ஆன்' முழுசாக, 35 நிமிடம், இடையில் நிறுத்தாமல். அதற்கப்புறம் உங்களுக்கு மிகவும் பிடித்த தமிழ்ப்பாட்டு ஒன்றைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டுக் கீழே மட்டும் கவனியுங்கள். அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருப்பார். அவர் யார் என்று தேடுங்கள். கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், குறித்து வைத்துக்கொள்கிறேன்.